பதினொன்றாம் வகுப்பில் 2048

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் ஒரு மாணவனாவது வந்து, "மிஸ், நான் பைத்தான் முடித்துவிட்டேன்" என்று சொல்வான். கோடை விடுமுறையில் அந்த நிரல்மொழியைக் கைப்பேசிச் செயலியில் படித்திருப்பான். அதில் கிடைத்த சான்றிதழை அப்பாவின் வாட்ஸ்அப் வழியாக எனக்கு அனுப்பியும் இருப்பான். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். தானாக முன்வந்து படித்த பிள்ளையைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? பாராட்டிவிட்டு, சாக்பீஸைக் கையில் கொடுத்து, ஒன்றிலிருந்து இருபது வரையிலான இரட்டை எண்களை அச்சிடும் நிரலைப் பலகையில் எழுதச் சொல்வேன். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். முதல் சொல்லை எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று கீழே தேடுவதுபோல் பலகையின் அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். செயலியில் விடைகள் கீழேதான் இருக்கும்.

அப்படி ஒரு செயலியை நானும் இறக்கி, சில வாரங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாடிப் பார்த்தேன். எந்தச் செயலி என்பது முக்கியமில்லை. இந்த வகையில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவைதான். திரையில் நான்கு வரி நிரல் இருக்கும், அதில் ஓர் இடம் மட்டும் காலி. கீழே மூன்று வில்லைகள். ஒன்றில் ஓர் எண், ஒன்றில் மேற்கோள் குறிக்குள் ஒரு சொல், ஒன்றில் முக்காற்புள்ளி. காலியிடம் வரியின் கடைசியில் இருக்கிறது. நிரல் என்றால் என்னவென்றே தெரியாத என் மாமியாரிடம் காட்டினேன், முக்காற்புள்ளியைத்தான் தொட்டார். "மற்ற இரண்டும் அங்கே பொருந்தாதே" என்றார். உடனே திரையில் வண்ணத்தாள்கள் பறந்தன, பத்துப் புள்ளிகள் சேர்ந்தன. மாமியாருக்கு ஒரே மகிழ்ச்சி.

புள்ளிகளைக்கூட விட்டுவிடலாம். எனக்கு ஆகவே ஆகாதது இதயங்கள். ஒரு கேள்விக்குத் தவறாக விடை சொன்னால் ஓர் இதயம் போய்விடும். எல்லாம் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். நிரல் எழுதக் கற்பவனுக்கு இதைவிடத் தலைகீழான பாடம் வேறு இருக்க முடியாது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சி++ நிரலின் தொடக்கத்தில் ஏதோ ஒரு வரியில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், அதற்குச் சம்பந்தமே இல்லாத வரிகளிலும் பிழை பிழை என்று, நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் கொட்டித் தீர்க்கும். முதல்முறை பார்க்கும் பிள்ளைக்கு வியர்த்துவிடும். அந்தப் பட்டியலில் மேலே இருக்கும் முதல் பிழையை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டு, பாதி தானாகவே மறைந்துவிடும் என்று கற்றுக்கொள்வதுதான் ஆய்வகத்தின் முதல் மாதம். தைரியமாகத் தப்புச் செய்து, ஓட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி ஓட்டும் பழக்கம் வந்துவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தவறுக்கு அபராதம் போடும் செயலியோ, ஓட்டிப் பார்க்கும் ஆசையைத்தான் முதலில் கொல்கிறது. இதயம் போய்விடுமே என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் விடை கேட்டுத் தொட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வகுப்புக்கே ஒரு போட்டி வைக்கலாம், யார் முதலிடம் என்று பார்க்கலாம் என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் யோசனை சொன்னார்கள். எங்கள் ஊர் விசைத்தறி ஊர். தறிக்குப் போன அப்பா இரவு வீடு திரும்பிய பிறகுதான் பல வீடுகளில் கைப்பேசி பிள்ளைகள் கைக்கு வரும். அதிலும் அண்ணன் இருக்கும் வீட்டில் தங்கைக்கு அது வந்து சேரும்போது சார்ஜ் இருக்காது. தினமும் தவறாமல் விளையாடினால்தான் தொடர்ச்சி அறுபடாது என்று சொல்லும் செயலியில், இந்தப் பெண்ணின் தொடர்ச்சி எத்தனை நாள் தாங்கும்? பட்டியலைத் தொங்கவிட்டால், யாருக்குச் சொந்தமாகக் கைப்பேசி இருக்கிறது என்கிற வரிசைதான் அதில் தெரியும். அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி.

பரிசு காட்டிப் படிக்கவைப்பதன் விளைவு பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமே இல்லை. சில நாட்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். இதற்குப் பிறகு இந்தத் துறையில் எவ்வளவோ விவாதம் நடந்திருக்கிறது. ஆனாலும் சான்றிதழோடு வரும் ஜூன் மாதத்துப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரிப்பன்தான் நினைவுக்கு வரும்.

இவ்வளவு குறை சொல்பவள் வகுப்பில் கைப்பேசி விளையாட்டே வைக்கிறாளே என்று என் சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். வைக்கிறேன். உறவினர்களிடமும் தெரிந்தவர்களிடமும் கேட்டு வாங்கிய, சிம் இல்லாத பழைய கைப்பேசிகள் ஏழெட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. திரை விரிசல் விட்டவை, பாட்டரி உப்புவதற்கு முன் ஓய்வு பெற்றவை. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். "பள்ளிக்கூடத்தில் போனில் விளையாட்டுக் காட்டுகிறார்களாமே" என்று கேட்டு வந்த ஓர் அப்பாவை உட்காரவைத்து, ஒரு நிலையை அவரையே ஆடச் சொன்னேன். அடுத்த நிலையும் வேண்டும் என்றார்.

மூன்று பேருக்கு ஒரு கைப்பேசிதான் தருவேன். கைப்பேசிகள் குறைவு என்பதால் அப்படி ஆரம்பித்தது. இப்போது இன்னும் பத்துக் கைப்பேசி கிடைத்தாலும் மூன்று பேருக்கு ஒன்றுதான். தனியாக ஆடும் பிள்ளை விரலால் தட்டித் தட்டித் தாண்டிவிடும். மூவர் ஆடும்போது, "இல்லை, முதலில் திரும்பட்டும், பிறகு குதிக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பதுதான் அந்த வகுப்பில் எனக்கு இருக்கும் வேலை.

நான் முதலில் எடுப்பது லைட்பாட். டேனி யாரோஸ்லாவ்ஸ்கி என்பவர் 2008-இல் இணையத்தில் வெளியிட்டு, பிறகு கைப்பேசிக்கும் கொண்டுவந்த விளையாட்டு. கட்டங்களும் படிகளுமாக ஒரு தளம். அதில் ஒரு குட்டி ரோபோ. முன்னே நட, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, குதி, விளக்கேற்று: இவைதான் கட்டளைகள். நீலக் கட்டங்கள் எல்லாவற்றிலும் விளக்கேற்றிவிட்டால் நிலை முடிந்தது. கட்டளைகளை அடுக்க முதன்மை நிரலில் குறிப்பிட்ட அளவு இடம்தான் உண்டு. கொஞ்ச தூரம் போனதும் அந்த இடம் போதாது. அப்போது, திரும்பத் திரும்ப வரும் கட்டளைத் தொகுதியைப் பக்கத்திலுள்ள இன்னொரு பெட்டியில் வைத்துவிட்டு, முதன்மை நிரலிலிருந்து அதை ஒற்றைக் கட்டளையாக அழைக்க வேண்டும். இப்படித் தனியே எடுத்துவைக்கும் தொகுதிக்குச் செயற்கூறு என்று பெயர். அது எதற்கு என்று நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொன்னாலும், "எல்லாவற்றையும் வரிசையாகவே எழுதிவிட்டால் என்ன மிஸ்?" என்று ஒருவன் கேட்பான். இங்கே அந்தக் கேள்வி எழுவதில்லை, இடம் இல்லாததால். அந்த நெருக்கடிதான் பாடம். புள்ளி, இதயம் எதுவும் இல்லாமலேயே மணி அடித்த பிறகும் கைப்பேசியைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள்.

அதற்கும் அடுத்த கட்டத்தில், அந்தப் பெட்டிக்குள்ளிருந்தே அதே பெட்டியை அழைக்கலாம். தற்சுழற்சி! பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பிள்ளைகள் நெட்டுருப் போட்டுத் தாண்டும் அந்தப் பாடத்தை, ரோபோ படிக்கட்டு ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்த்து மூன்று நிமிடத்தில் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே நான் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். ரோபோ எப்போது நிற்கிறது? கடைசி விளக்கு எரிந்ததும் விளையாட்டு முடிந்துவிடுகிறது, அதனால் நிற்கிறது. நீங்கள் எழுதிய நிரலில் "நில்" என்று எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. ஓராண்டு இதைக் கேட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்படியென்றால் விளக்கே இல்லாத இடத்தில் விட்டால் அது செத்தாலும் நிற்காதே மிஸ்?" என்றாள். நிற்கும் என்றேன், வேறு விதமாக. கணினியில் பைத்தானைத் திறந்து, தன்னையே அழைக்கும் ஒரு செயற்கூற்றை, நிறுத்தும் நிபந்தனை இல்லாமல் இரண்டே வரியில் எழுதி ஓட்டச் சொன்னேன். சிவப்பாக ஒரு நீளப் பிழைச் செய்தி வந்தது: தற்சுழற்சியின் ஆழம் எல்லை மீறிவிட்டது. ஆயிரம் அழைப்பு என்பது பைத்தான் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை. அதே தவறை சி++ நிரலில் செய்தால் இவ்வளவு மரியாதையாகச் சொல்லாது; நினைவகம் தீர்ந்து நிரல் விழுந்துவிடும். நிறுத்தும் நிபந்தனையைப் பற்றி அதன் பிறகு ஐந்து நிமிடம் பேசினேன், அவ்வளவுதான். விளையாட்டு சொல்லாமல் விட்ட இடத்தைச் சொல்லத்தான் ஆசிரியர் தேவை. பிள்ளைகள் அந்த இடம் வரை தங்கள் காலிலேயே நடந்து வந்திருந்தது எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஹ்யூமன் ரிசோர்ஸ் மெஷின் என்று இன்னொன்று. டுமாரோ கார்ப்பரேஷன் 2015-இல் வெளியிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டும், கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் என் கைப்பேசியில் வைத்துப் புரொஜெக்டரில் காட்டுகிறேன். ஓர் அலுவலக ஊழியர், ஒரு பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளை எடுத்து, சொன்னபடி மாற்றி, மறுபக்கம் வைக்க வேண்டும். கையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். தரையில் சில கட்டங்கள் இருக்கின்றன. வேண்டுமானால் அங்கே எழுதி வைக்கலாம். கையில் இருப்பது, கணக்குப் போடும் மையச் செயலகம் ஒரு மதிப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பதிவகம்; தரைக் கட்டங்கள் நினைவகம். இதைச் சொல்லாமலே ஆடலாம், ஆடி முடித்த பிறகு சொன்னால் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். நிரலில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடத்துக்கு மாறி என்று பெயர். இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்ற, நாங்கள் எல்லோரும் காலங்காலமாகச் சொல்லும் உதாரணம் இரண்டு டம்ளர். ஒன்றில் திராட்சைச் சாறு, ஒன்றில் ஆப்பிள் சாறு, இடம் மாற்ற மூன்றாவதாக ஒரு காலி டம்ளர் வேண்டும். நல்ல உதாரணம்தான். ஆனால் சாற்றை ஊற்றிய டம்ளர் காலியாகிவிடும். மாறி அப்படிக் காலியாவதில்லை. அ-வின் மதிப்பை ஆ-வுக்குக் கொடுத்த பிறகு அ-வில் என்ன இருக்கும் என்று தேர்வில் கேட்டால், "ஒன்றும் இருக்காது" என்று நன்றாகப் படிக்கும் பிள்ளையே எழுதி வைப்பதற்கு அந்த டம்ளர்தான் காரணம். இந்த விளையாட்டில் ஊழியர் தரைக் கட்டத்தில் ஒன்றை வைக்கும்போது நகல்தான் வைக்கிறார், கையில் இருப்பது கையிலேயே இருக்கிறது. மேலே என்ன இருந்ததோ அது அழிந்து, புதியது உட்காருகிறது. அதைக் கண்ணால் பார்த்த வகுப்பில் டம்ளர் தானாகவே உடைந்துவிடுகிறது.

இனி 2048. இது கணினி அறிவியல் கற்பிக்க வந்த செயலியே இல்லை. 2014 மார்ச்சில் கேப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் உருவாக்கி, மூல நிரலையும் இலவசமாகவே இணையத்தில் போட்டுவிட்டார். அதனால் இன்று ஆயிரம் நகல்கள். நாலுக்கு நாலு பலகை. விரலால் ஒரு பக்கம் தள்ளினால் கட்டங்கள் எல்லாம் அந்தப் பக்கம் நகரும், புதிதாக ஓர் எண் விழும். ஒரே எண் கொண்ட இரண்டு கட்டங்கள் மோதினால் ஒன்றாகி இரட்டிப்பாகும். கைப்பேசி கையில் கிடைக்கும் பிள்ளைகளில் இதை ஆடாதவரே இல்லை. இரண்டின் அடுக்குகளை 2048 வரை தூக்கத்திலும் சொல்வார்கள், அது இருநிலை எண் பாடத்துக்கு உதவும் என்பதற்காகத்தான் நானும் அதைத் தொட்டேன்.

உதவியது வேறு பாடத்துக்கு. பதினொன்றாம் வகுப்பில் மாற்றமிலி என்று ஒன்று வருகிறது. சுழற்சி என்பது ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அது எத்தனை முறை ஓடினாலும், மாறிகள் எல்லாம் மாறிக்கொண்டே இருந்தாலும், உண்மையாகவே இருந்துகொண்டிருக்கும் ஓர் உறவு. பொதுத்தேர்வுக் கேள்வித்தாளுக்குப் பயந்து வரையறையை மட்டும் எழுதிவைத்துவிட்டு ஆசிரியர்களே நழுவும் இடம் இது. 2048 பலகையைக் கரும்பலகையில் வரைந்து கேட்டேன்: இரண்டு கட்டங்கள் சேரும்போது எது மாறவில்லை? கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவன், "மொத்தக் கூட்டுத்தொகை மிஸ்" என்றான். 8-உம் 8-உம் சேர்ந்து 16, கூட்டுத்தொகை அதேதான். புதிதாக ஒரு 2 அல்லது 4 விழும்போது மட்டுமே அது கூடும். அதாவது பலகையின் கூட்டுத்தொகையும், இதுவரை விழுந்த எண்களின் கூட்டுத்தொகையும் எப்போதும் ஒன்று. முதல் மாற்றமிலி கிடைத்துவிட்டது.

அடுத்தது மதிப்பெண். ஒவ்வொரு முறை சேரும்போதும் புதிதாக உருவான எண் மதிப்பெண்ணில் கூடுகிறது. விழுவதெல்லாம் 2 என்று வைத்துக்கொண்டால், ஒரு 4 செய்ய 4 மதிப்பெண். ஒரு 8 செய்ய இரண்டு 4-உம் ஓர் 8-உம் தேவை, ஆக 16. 16 செய்ய 48. செய்யும் எண் இரண்டின் எத்தனையாவது அடுக்கோ அதில் ஒன்று குறைத்து, செய்யும் எண்ணால் பெருக்கினால் மதிப்பெண் வந்துவிடும். 2048 என்பது பதினோராவது அடுக்கு. ஆக 10 × 2048, அதாவது 20,480. ஆனால் அசல் விளையாட்டில் 4-உம் விழுகிறது. அப்படி விழுந்த ஒவ்வொரு 4-க்கும், நாம் செய்யாமலே கிடைத்ததால், 4 மதிப்பெண் குறையும். ஆக, பலகையில் இருக்கும் எல்லாக் கட்டங்களுக்கும் சூத்திரப்படி வரவேண்டிய மதிப்பெண்ணிலிருந்து திரையில் காட்டும் மதிப்பெண்ணைக் கழித்து, நான்கால் வகுத்தால், இதுவரை எத்தனை 4 விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆட்டத்தை முதலிலிருந்து பார்க்கவே வேண்டாம்.

நம்ப மாட்டோம் என்றார்கள். ஒரு குழுவின் பலகையை அப்படியே எழுதினோம்: 512, 128, 64, 16, 4, 2. திரையில் மதிப்பெண் 5108. சூத்திரப்படி 512-க்கு 4096, 128-க்கு 768, 64-க்கு 320, 16-க்கு 48, 4-க்கு 4, 2-க்குப் பூஜ்யம். கூட்டினால் 5236. வித்தியாசம் 128. நான்கால் வகுத்தால் 32. முப்பத்திரண்டு முறை 4 விழுந்திருக்கிறது. பலகையின் கூட்டுத்தொகை 726. அதில் 32 நான்குகளுக்கு 128 போக மீதி 598, அதாவது 299 இரண்டுகள். மொத்தம் விழுந்தது 331, அதில் 32 நான்குகள். ஏறக்குறைய பத்தில் ஒன்று.

அது தற்செயலா, இல்லை யாராவது அப்படி எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டது, பள்ளிக்கூடத்துக்கு வெளியே கைப்பேசியைத் தொடவே வாய்ப்பில்லாத ஒரு பெண். ஆய்வகக் கணினியில் சிருல்லியின் மூல நிரலைத் திறந்து தேடினோம். அது எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் மொழி அவர்களுக்குப் பாடமில்லை; ஆனாலும் அந்த ஒரு வரியைப் படிக்கத் தடங்கல் இல்லை. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண்ணை எடு, அது 0.9-ஐவிடச் சிறியதென்றால் 2, இல்லையென்றால் 4.

அதன் பிறகு பாடம் என் கையில் இல்லை. 0.9-ஐ 0.5 ஆக்கி உலாவியில் ஓட்டினார்கள். பலகை வேகமாக வளர்ந்தது, மதிப்பெண் மட்டும் வரவேண்டியதைவிடக் குறைந்தே நின்றது. ஏமாற்றி ஜெயிக்கலாம் என்று மாற்றியவன், "ஆட்டம் சுலபமாகிவிட்டது, மார்க் குறைந்துவிட்டதே" என்று புலம்பினான். 2048 வரும்போது எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வா என்றேன். சுமார் 1365 என்று மறுநாள் பிரேயருக்கு முன்பே எழுதிக்கொண்டு வந்து காட்டினான். அந்தத் தாளின் பின்பக்கத்தில், பூஜ்யம் போட்டால் எல்லாமே 4-ஆக விழும், அப்போது 2048-க்கு என்ன மதிப்பெண் என்றும் அவனே கேட்டு, 18,432 என்று விடையும் எழுதியிருந்தான்.